இரண்டாவது ஒலித்தடம்

ஓர்ஸ்ஹில் மண்டபத்துக் கச்சேரி
டிவிடியாய் வந்து ஆறு வருசம்.
கமரா பிடித்தவன் பாட்டுக் கேட்க வந்தவன் அல்ல.
ஆலாபனை உச்சிக்கு ஏறும்போதெல்லாம்
முன்வரிசைப் பட்டுச் சேலைகளுக்குத் திரும்பிவிடுவான்.

நேற்றிரவு படத்தைக் கழற்றினேன்.
தட்டில் ஒலித்தடம் இரண்டு.
ஒன்று ஐந்து பெட்டிக்கென்று பரப்பி வைத்தது,
என் இரண்டு பெட்டியில் வயலின் கிணற்றுக்குள் கிடந்தது.
மற்றது சுருக்காதது, கனம்.
"அத எடுங்க" என்றான் நௌபர் போனில்,
"சத்தத்தக் கூட்டிப் போடாதீங்க, முனை அறுந்திரும்."

பாட்டுப் பாட்டாய் வெட்டியதில்
ஒரு கைதட்டல் இரண்டாகிப் போனது.
பாதி நாலாவது கோப்பின் வாலில்,
பாதி ஐந்தாவதின் தலையில்,
நடுவே கண்ணிமைப் பொழுது ஒன்றுமில்லை.
அதை ஒட்டவே ஒரு மணித்தியாலம்.

பிறகு விளக்கை அணைத்துக் கேட்டேன்.
வலப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில்
ஒரு கடம்.
மூன்று மணி நேரப் படத்தில்
ஒருதடவையும் முகம் வராத மனிதர்.
அவர் மூச்சு வாங்குவது கேட்கிறது,
மோதிரம் மண்ணில் உரசுவது கேட்கிறது.

விருத்தத்தின் நடுவே துறைமுகத்தில் கப்பல் ஊத,
பாடகி நிறுத்திச் சிரித்து
அந்தச் சுருதியிலேயே அடுத்த சொல்லைப் பிடிக்கிறாள்.
முதல் சிரித்தது கடக்காரர்தான்,
வலப்பெட்டி சொல்லுது.

உறையைத் திருப்பிப் பார்த்தேன்.
பாட்டு, வயலின், மிருதங்கம்,
பிறகு நகைக்கடை விளம்பரம்.

கோப்பின் குறிப்பில்
'கடம்:' என்று அடித்து
அப்படியே விட்டிருக்கிறேன்.
விடிய நௌபரைக் கேட்க வேண்டும்.