மாதிரி இலக்கம் 47

திருநெல்வேலி ஆய்வுகூடத்து உலையில்
ஐந்நூற்றைம்பது பாகை.
பீங்கான் கிண்ணத்துள் மூன்று கிராம் காலை உணவு
முதலில் கறுக்கும்,
பிறகு புகையும்,
பிறகு தன் பெயரை மறந்து
வெள்ளைப் பொடியாய் அடங்கும்.
அந்தப் பொடியைத்தான் நான் நிறுப்பேன்.
சுண்ணாம்பும் இரும்பும் எரியாமல் மிஞ்சிய அதற்குப்
படிவத்தில் பெயர்: சாம்பல்.

அச்சுவேலிப் பவளராணி கொண்டுவந்த பைக்கற்.
குரக்கன், சிவப்பரிசி, முளைகட்டிய பயறு,
தோல் உரியாத உழுந்து, கொஞ்சம் எள்ளு.
அரைத்துக் குழைத்து
இடியப்ப உரலில் பிழிந்து
சின்னச் சின்னத் துண்டாய் முறித்து வறுத்தது.
பால் ஊற்றினால்
நாலு நிமிசத்துக்கு மொறுமொறுப்பாம்.
“மணிக்கூடு வைச்சுப் பார்த்தனான்” என்றா.

கையெழுத்துப் போடமுதல்
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.
ஈரப்பதன், புரதம், கொழுப்பு, நார், சாம்பல், சீனி.
“ருசிக்கு ஒரு கட்டமும் இல்லையோ?”
ருசி நிறுக்கும் தராசு
எங்களுக்கு இன்னும் வாங்கித் தரவில்லை என்றேன்.
அவ சிரிக்கவில்லை.

புரதம் பதின்மூன்று தசம் இரண்டு.
பயறு பொய் சொல்லவில்லை.
நார் ஒன்பது. அது குரக்கன் தவிடு,
நாக்கில் மணலாய் உரசும்,
வயிற்றில் நிதானமாய் நடக்கும்.
இரும்பு, கிட்டத்தட்ட அவ எதிர்பார்த்தது.
சீனி
பதினாலு.

குடுவையைக் கழுவி இரண்டாம் தரமும் செய்தேன்.
மூன்றாம் தரமும்.
பைக்கற்றின் முகத்திலோ பச்சை வட்டம்,
அதன் கீழே தடித்த எழுத்தில்
சீனி சேர்க்கப்படவில்லை.

தொலைபேசிக்குள் அரவை இயந்திரம் இரைந்தது.
“சீனியோ? எங்கட வீட்டில
தேத்தண்ணிக்கே சீனி இல்லைத் தங்கச்சி.”
அரவை நின்றது.
“பனங்கட்டிதான் கொஞ்சம் போட்டனான்.
பனங்கட்டி சீனியோ?”

என்ன சொல்ல.
என் கரைசலுக்குப் பனை தெரியாது,
ஓலைக் குட்டான் தெரியாது.
கொதிக்கும் நீலத்தில் துளி துளியாய் விழும்,
நீலம் செங்கல் நிறமாகும்,
அவ்வளவுதான் தீர்ப்பு.
கரும்போ பனையோ பழமோ
அங்கே எல்லாம் ஒரே சாதி.

“ஐஞ்சூறு லேபிள் அடிச்சாச்சே” என்றா,
“பச்சை மையில.”
பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்து,
“போடாட்டி என்ர பெடியன் தின்னுறானில்லை.
மூண்டு நாள் கோப்பையில அப்பிடியே கிடந்தது.
தின்னாத சத்து ஆருக்கு?”

அதற்கும் கட்டமில்லை.

மாதிரியில் மிச்சம் இருந்தது.
பஸ்ஸைத் தவறவிடக்கூடாதென்று அன்று நான்
வெறும் வயிற்றோடு வந்திருந்தேன்.
விதிப்படி மிச்சத்தை அழிக்கவேண்டும்.
மதியமேசையில் ஒரு கோப்பையில் கொட்டி
சந்திக் கடைப் பசும்பாலை ஊற்றி
அழிக்கத் தொடங்கினேன்.

முதல் வாய்: மரத்தூள்.
இரண்டாவதில் எள்ளு உடைந்தது.
வறுத்த உழுந்தின் மணம்
மூக்குக்குப் பின்னால் எங்கோ ஏற
அதன் அடியில், மெத்தப் பிந்தி,
புகையும் சற்றே உப்புமாய் அந்த இனிப்பு.
சீனி இப்படி வராது.
சீனி முன்வாசலால் கூப்பிட்டுக்கொண்டு வரும்.
இது ஏற்கெனவே உள்ளே இருந்துவிட்டு
போகும்போதுதான் சொல்லிக்கொள்கிறது.

நாலு நிமிசம் சரிதான்.
ஐந்தாவதில் எல்லாம் குழைந்து
பால் மண்ணிறமானது.
அதையும் குடித்தேன்.

கோப்பையைக் கழுவிவிட்டு அறிக்கை எழுதினேன்:
மொத்தச் சீனி, நூறு கிராமில் பதினாலு.
வட்டம் மஞ்சளாக வேண்டும்.
‘சேர்க்கப்படவில்லை’ என்பதை நீக்கவேண்டும்.
குறிப்புகள் என்ற வெற்றிடத்தில்
பேனை கொஞ்ச நேரம் நின்று
ஒரு புள்ளி மட்டும் வைத்தது.

அடுத்த செவ்வாய் பவளராணி வந்தா.
மாதிரி இலக்கம் 52.
“பனங்கட்டியைப் பாதியாக்கிப் போட்டன்.
பெடியன் மணந்து பார்த்திட்டுத் தள்ளிப்போட்டான்.
கச்சான் போட்டுப் பார்ப்பமோ?”

பழைய லேபிள்தான். எறிய மனமில்லையாம்.
கடைகளில் விலை ஒட்டும் மஞ்சள் வட்டத்தை
ஒவ்வொன்றாய்க் கையால் ஒட்டியிருந்தா.
இதில் சற்றே சரிந்துபோய்
ஓரத்தில்
வெட்டி எறிந்த நகமளவு பச்சை.