ஒன்பது வட்டங்கள்

போயா நாள்.
ஐந்தாம் குறுக்குத் தெருவில் ஷட்டரெல்லாம் கீழே.
மூட்டை இல்லாத நாளில்தான்
முதுகு தன் கணக்கை எடுத்து வைக்கும்.

மருதானையில் டயர்க்கடைக்கு மேல்மாடி.
இல்ஹாம் நானா குப்புறப் படுக்கச் சொன்னார்.
"எத்தன கிலோ தூக்குற?"
வெங்காயமும் ஐம்பது, பருப்பும் ஐம்பது,
ஆனால் பருப்புத்தான் கனக்கும் என்றேன்.
சிரித்துக்கொண்டே எண்ணெய் பூசினார்.
கருஞ்சீரக வாசம்.

பிளாஸ்டிக் குவளைகள்.
துவக்குப் பிடி மாதிரி ஒரு பம்ப்.
டக், டக், டக்.
தோல் எழும்பிக் குவளைக்குள் போய்
அங்கேயே இருந்துகொண்டது.

பதினாறு வயதிலிருந்து
அழுத்தப்பட்டே பழகிய இடம் அது.
மேலே இழுபடுவது புதுசு.
எனக்குக் கண் கலங்கிவிட்டது, வலியால் இல்லை.
நல்லவேளை முகம் தலையணைக்குள்.
கீழே வீதியில் "பொரளை, பொரளை" என்று
யாரையோ அவசரப்படுத்திக்கொண்டிருந்தான் ஒரு கண்டக்டர்.

ஜம்பட்டா வீதி அறைக்கு வந்து
சட்டையைக் கழற்றி
ஃபேனுக்கு முதுகைக் கொடுத்தேன்.
சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்த
குலேந்திரனின் கை அப்படியே நின்றது.

இரண்டு வருடமாய்ப் பக்கத்துப் பாய்.
எந்தப் புழுக்கத்திலும்
அவன் சட்டை கழற்றிப் படுத்ததில்லை.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.
"ஆர் செய்தது?"

"மருதானையில ஒரு நானா. மூவாயிரம் எடுத்தார்."

"காசு குடுத்தே செய்விச்சனி?"

"காசு குடுத்துத்தான்."

அவன் சிரித்தானா இருமினானா தெரியவில்லை.
பிறகு கிட்ட வந்து
விரல் படாமல் ஒவ்வொன்றாய் எண்ணினான்.
ஒன்பது.
இடது தோளில் இருப்பது மட்டும்
நாவற்பழக் கறுப்பு என்றான்.

"எப்ப மறையும்?"

"பத்து நாளில போயிடுமாம்."

"பத்து நாள்" என்றான்,
அடுத்தவனுக்குக் கிடைத்த லீவைக் கேட்டவன் போல.
பார்சலில் பருப்பு ஆறிப் பாடை கட்டியிருந்தது.
அதையும் தின்றான், மிச்சம் வைக்காமல்.

நடு இரவில் விழித்தேன்.
தோள் லேசாக இருந்தது,
வேறு யாருடையதோ மாதிரி.
ஜன்னலோரம் தெருவிளக்கு வெளிச்சத்தில்
குலேந்திரன் குந்தியிருந்தான்.
பிளேன்டீ குடித்த கிளாஸைக் கவிழ்த்துத்
தோளில் வைத்து அமர்த்திப் பார்க்கிறான்.
எடுத்தால் விழுகிறது. மறுபடி வைக்கிறான்.

"சட்டைக்கு மேல வைச்சா ஒட்டாது" என்றேன்.

"தெரியும்" என்றான்.