வெட்டில்லாத நாள்

குலசேகரத்துக்கு மேலே
பதினோராவது நாளாய் மழை.
பால்வெட்டு இல்லை.
ஆனாலும் மூன்று மணிக்கு
டென்னிசனின் கால்கள் எழுந்துவிடுகின்றன,
அவனுக்கு முன்பே.

தினமும் முந்நூற்றிருபது மரம் சுற்றிய கால்கள்.
அடுக்களையிலிருந்து முன்கதவு பதினாலே எட்டு.
போகிறான். வருகிறான்.
"ஒண்ணு கிடந்து உறங்கும் நீரு" என்றேன்.
"எட்டாம் மரம்" என்றான்
கதவைத் தொட்டு.

நாலாம் நாள் ஜெர்ஷா சாக்பீஸோடு எழுந்து வந்தாள்.
கட்டில்கால்கள் ஒன்று முதல் நாலு.
தையல்மிஷின் பதினேழு.
ஆட்டுக்கல் இருபத்திரண்டு,
அது பட்டுப்போன மரமாம், பால் வராதாம்.
கரண்ட் இல்லாத பிரிட்ஜ் நாற்பது.
நாற்பத்தொன்றை
என் முதுகில் எழுதினாள்.

இப்போது மூவரும் சுற்றுகிறோம்,
நெற்றி லைட்டை மாற்றி மாற்றிக் கட்டி.
எண் தப்பினால் கட்டன்சாயா போடவேண்டும்.
நேற்று மூன்று தடவையும் நான்தான்.
கள்ளக்கணக்கு என்று சண்டை பிடித்தேன்.

அலமாரி மேலே
பலசரக்குக் கடைப் பற்றுப் புத்தகம்.
அதற்கும் எண் கேட்டாள்.
"அது நம்ம வரிசை இல்ல மக்கா."

ஓடு உடைந்த மூலையில்
ஒழுக்குக்கு வைத்த சிரட்டை.
ஒவ்வொரு சுற்றிலும் அங்கே நின்று
குனிந்து
வாளியில் ஊற்றி
விரலால் வழித்து
திரும்ப வைக்கிறான்.
"இண்ணைக்கு நல்ல பால்."

அறுபத்துமூன்று, பூனை.
இருந்த இடத்தில் இருக்காத மரம்.
கட்டிலடியில், விறகுக்குள், அரிசிச்சாக்கின் பின்னால்
அதைத் தேடித் தேடித்தான்
விடிந்துவிடுகிறது.