காலம் குறித்த தெளிவு

படிவத்தின் மூன்றாம் பக்கம், கேள்வி பதினொன்று:
இன்று என்ன நாள், என்ன தேதி?

சின்னப்பாலத்தில்
கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியின் மேல் நான்,
மணலில் நம்பேஸ்வரி.
வேலிக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் கோட்டைச்சாமி
எஞ்சினைப் பிரித்துப் போட்டு
எங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

முதுநிலை இரண்டாமாண்டு, மனநலச் செவிலியம்.
கோட்டுப் பையில் பாம்பன் காற்று
ஒரு பிடி மணலைத் திணித்துவிட்டுப் போகிறது.

"அமாவாசை கழிஞ்சு நாலு" என்றாள்.
கிழமை?
"பாசி நாளு."
மாசம்?
சிரித்தாள். அதைக் கேட்டு என்ன செய்யப்போகிறேன் என்பது போல.

சேலையைக் கிழித்த பத்துத் துண்டுகள் மடியில்.
பாறையில் பாசி பிடுங்கும்போது
விரலுக்கு ஒன்றாகச் சுற்றிக்கொள்வது.
நாளைக்கு இறங்குவாளாம்.

குரல் கேட்கிறதா என்றேன்.
கேட்கிறது. படகு வயர்லெஸ் மாதிரி, கரகரவென்று.
யார் குரல்?
"யாருன்னு தெரியல. ஏலம் போடுறான்."
திட்டுகிறானா, எதையாவது செய்யச் சொல்கிறானா?
"வெலதான் சொல்றான். நீலக்கால் நண்டு நானூத்தம்பது."
நான் சும்மா இருந்திருக்கலாம்.
"கணவாய்?" என்று கேட்டுவிட்டேன்.
உரையாடல் பதிவில் அந்த வரியின் எதிரே
இன்பசெல்வி மேடம் சிவப்பு மையில் எழுதுவார்:
ரில்வானா, பிரமையோடு பேரம் பேசாதே.
அவர் சொல்வது சரிதான்.

ஆனால் நாலு என்பது உறுத்தியது.
எங்கள் வீட்டிலும் பிறைக் கணக்கு உண்டு.
காலையில் வேதாளைப் பள்ளிவாசல் பலகையில்
பிறை ஐந்து என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.
எங்களுக்கு ஐந்தென்றால் இவளுக்கு ஆறு.
அமாவாசைக்கு ஆறு, பௌர்ணமிக்கு ஆறு,
மாதத்தில் பன்னிரண்டே நாள் கடல் தொடுகிறவள்
இரண்டு நாளைத் தவறவிடுவாளா?
'தெளிவில்லை' என்ற கட்டத்தின் மேல்
பேனாவை வைத்துவிட்டு எடுத்தேன்.

போன திங்கட்கிழமை ராத்திரி,
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
நாலு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.
ஹாலோபெரிடால், புரோமெத்தசின்.
மருந்தை ஏற்றிய கை என்னுடையது.
செவ்வாய் முழுக்கத் தூங்கினாள்.
புதன் முழுக்கத் தூங்கினாள்.
நாடி பார்த்தேன், ரத்த அழுத்தம் குறித்தேன்,
எச்சில் துடைத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.
வியாழனன்று எழுந்தவளிடம்
எத்தனை நாள் போயிற்று என்று
ஒருவரும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரை நேரம் மட்டும் இருந்தது.

"அக்கா, ரெண்டு நாள் கூட்டிக்கங்க" என்றேன்.
"எதுல?"
"நாலு இல்ல. ஆறு."

விரல் மடக்கினாள். நீட்டினாள். மறுபடி மடக்கினாள்.
பிறகு அந்தக் குரல். குரல் என்றால் அவளுடையது.
"அப்ப இன்னைக்கோட முடிஞ்சுச்சா?
ரெண்டு நாப் பாசிய எவ தருவா, நீ தருவியா?
ஊசி போட்டவ சொல்ல மாட்டியா?"

கோட்டைச்சாமி ஸ்பானரோடு எழுந்து நின்றான்,
மறுபடி வந்துவிட்டது என்று.
வரவில்லை என்று கையசைத்தேன்.
உணர்ச்சி: கோபம்.
சூழலுக்குப் பொருத்தமானதா: ஆம்.
இரண்டு வருடப் படிப்பில்
இவ்வளவு உறுதியாக நான் எதையும் எழுதியதில்லை.

"மணி என்ன?"
பத்தே கால்.
"ஒரு மணிக்குத் தண்ணி ஏறிரும்."
எழுந்துவிட்டாள். பல்லால் பிடித்து இழுத்து
முதல் துண்டை முடிந்துகொண்டே நடக்கிறாள்.
கூட ஆள் இல்லாமல் ஆழத்துக்குப் போகக் கூடாது,
தலை சுற்றினால் உடனே கரையேற வேண்டும்,
ராத்திரி மாத்திரை விட்டுப்போகக் கூடாது என்று
பின்னாலேயே ஓடிச் சொன்னேன்.
"கூட ராக்குமதி இருக்கா" என்றாள், திரும்பாமல்.
கொஞ்ச தூரம் போய்,
"கணவாய் முந்நூறு."

கேள்வி பன்னிரண்டிலிருந்து முப்பது வரை காலி.
நேர்காணல் பாதியில் நின்ற காரணம் என்று
கடைசியில் ஒரு கோடு இருக்கிறது.
அதில் எழுதினேன்:
நோயாளி வேலைக்குப் போய்விட்டார்.