படிக் கணக்கு

மதுரையிலிருந்து டிராவல்ஸ்காரர் பேசினார்.
ஞாயிற்றுக்கிழமை, ரெண்டு பஸ்,
தொண்ணூறு தலை, மதியச் சாப்பாடு.
நீச்சல்குளம் உண்டா என்று கடைசியில்.

இருங்க, என்று சொல்லிவிட்டு
செருப்பைத் தேடினேன்.

எங்கள் முன்பதிவுப் புத்தகம்
ஊருணியில் இருக்கிறது.
இருபத்திரண்டு கல்படி.
பன்னிரண்டாவது தெரிந்தால் ஓர் அறையைப் பூட்டுவோம்,
பதினாறாவது தெரிந்தால் வீட்டையே.
போன சித்திரையில்
விருந்தாளி ஒருவர் ஷவரில் பாடிக்கொண்டிருக்க
அடைக்கலமேரி டேங்கர் லாரிக்கு மூன்று குடத்தோடு
வெயிலில் முறை பார்த்து நின்றாள்.
அன்று ராத்திரி போட்ட விதி.
தீர்மான நோட்டில் அவள் கையெழுத்து மட்டும்
தாளைக் கிழித்திருக்கும்.

வீடு யாருடையது என்று கேட்பார்கள்.
பதினேழு புள்ளி.
ஈப்போவில் மூன்று, சென்னையில் ஒன்பது,
மிச்சம் எங்கே என்று சிகப்பி ஆச்சிக்கே தெரியாது.
தேடித்தேடிக் கையெழுத்து வாங்கி
நாலே நாலு அறையைத் திறந்தோம்.
மற்ற எழுபதும் வௌவால் பங்கு.
அவை கையெழுத்துப் போடவில்லை.

வந்து தங்குகிறவர்களுக்கும் புள்ளி வரி உண்டு,
இரவுக்கு முப்பது ரூபாய்,
வரத்துக்கால் தூர்வார.
புனேக்காரர் ஒருவர் ரசீது கேட்டார்.
கூட்டிப்போய் வரத்துக்காலைக் காட்டினேன்.
பார்த்துவிட்டு, நல்லது, ரசீது? என்றார்.
எழுதிக் கொடுத்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்லமாட்டேன்.
சேவுகனின் ஆறு சைக்கிளும்
போன மாதம் ரெண்டே நாள் ஓடின.
தொண்ணூறு சாப்பாடு என்றால்
பாண்டிமீனாள் மகளின் காலேஜ் பீஸ்
ஒரு பகலில் தீரும்.
அதை அவள் என்னிடம் சொல்லவில்லை.
எனக்கு முன்பே வந்து
படித்துறையில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பதினொன்னு, என்றாள்.
பன்னிரண்டு உள்ளேயா வெளியேயா?
பாதி.
ரெண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
கல்லின் ஈர விளிம்பில்
ஒரு தட்டான் உட்காருவதும் எழும்புவதுமாக.

போனில் ஆள் இன்னும் காத்திருந்தார்.
எத்தனை பேர்னு சொல்லுங்க மேடம்.
பாண்டிமீனாள் கை நீட்டி வாங்கினாள்.
பத்துப் பேர், என்றாள்.
வண்டி மெயின் ரோட்டோட நிக்கட்டும், சைக்கிள் இருக்கு.
பாட்டில் தண்ணி கொண்டுவராதீங்க,
குடிக்க நாங்க தருவோம்.

போனைத் திருப்பித் தந்தபின்
மறுபடி எண்ணினாள்,
இந்த முறை
தண்ணீரிலிருந்து மேலே.