வெற்றுக்குழாய்

ஒன்றுக்கு ஆறு சென்டிமீட்டர்.
வடிதாளை நறுக்கிச் சுருட்டி
குழாய்க்கு ஒன்றாய் நட்டேன்.
கெடிலக்கரைச் சருகில் பிடித்த பூஞ்சையின் நொதி
ஒரு மணி நேரம் அதை அரிக்க வேண்டும்
ஐம்பது டிகிரி வெந்நீரில்,
மஞ்சக்குப்பத்து மின்சாரம் மனம் வைத்தால்.

வைத்தது.
மஞ்சள் கரைசலை ஊற்றி
ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டேன்.
கழன்ற சர்க்கரை எவ்வளவோ அவ்வளவு சிவப்பு.
தின்பதை யாரும் பார்ப்பதில்லை,
எச்சில் இலையை எண்ணி
பந்தியைக் கணக்கிடுகிறோம்.

முதல் குழாய் செங்கல்.
அடுத்தது புளிக்கரைசல்.
ஏழாவது, நொதியே ஊற்றாத வெற்றுக்குழாய்,
மஞ்சளாய் நிற்க வேண்டியது,
வெற்றிலை போட்ட வாயோடு நின்றது.

தண்ணீரைச் சந்தேகித்தேன்.
தேநீர்ச் சர்க்கரையை? அது
இந்தக் கரைசலிடம் வாயே திறக்காது.
குழாய் கழுவிய ஷமீலாவைக் கேட்டேன்.
"மூணு தடவை கழுவினேன்" என்றாள்.
அப்புறம் பேசவில்லை.

நாலரை மணிக்கு
பேனா விரலில் ஒட்டியது.
மோந்து பார்த்தேன்.
பண்ருட்டி.

மதியம் அஞ்சுகம் பிரித்த பழத்தில்
எனக்கு மட்டும் ஒன்பது சுளை.
கையைக் கழுவினேனா,
கோட்டில் துடைத்தேனா?
அந்த விரலால்தானே அத்தனை தாளையும் சுருட்டினேன்.
மற்ற ஆறு சிவப்பில்
பூஞ்சையுடையது எவ்வளவு,
பலாவுடையது எவ்வளவு?

குறிப்பேட்டில் எழுதினேன்:
இன்றைய அளவு செல்லாது. காரணம், என் விரல்.

ஷமீலா எட்டிப் படித்தாள்.
சிரிக்கவில்லை.
இடுக்கியைக் கொண்டுவந்து
சத்தம் வரும்படி
என் முன்னால் வைத்தாள்.