டெல்மர் வீடியோ

தாண்டவன்வெளிச் சந்தியில்
'டெல்மர் வீடியோ' என்றுதான்
இருந்தது பலகை.
கேசட் வாடகைக்கு ஆள் வராமல் போன வருஷம்
மூன்று டிவி வாங்கிப் போட்டு,
கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பச்சையில்
பக்கத்தில் 'கேம்' என்று எழுதினான்.
இடம் போதாமல்
'ம்' மட்டும் சுவரில்.

அந்தப் பெயர் உலகத்தில்
அப்படித்தான் பிறந்தது என்று
கனநாள் நம்பியிருந்தேன்.

செமினறி மதிலேறி வரும் யூஜின்
கார் ஓட்டிக்கொண்டே சொன்னான்:
வீடியோ லத்தீன் மச்சான்.
'நான் காண்கிறேன்.'

கரண்ட் போனது.

பட்டன்கள் கொஞ்சநேரம்
பழக்கத்தில் கொறித்தன.
"என்ட கார் எங்க?"
யாரும் எழும்பவில்லை;
அரை மணிக்கு இருபது ரூபா.
டெல்மர் மெழுகுதிரி தேடினான்.

நான்
அடுத்த வளைவுக்கு
உடம்பைச் சாய்த்தபடியே இருந்தேன்.